கோ-கார்ட் ஃபிரேமுக்கு எந்த வெல்டிங்? வீட்டில் கட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கோ-கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. பின் ஆக்சில் ஒரே தண்டு என்பதால் இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதற்கு ஃபிரேம் முறுக்கிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் முறுக்கி, மறுபடி நேராகி, அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் முறுக்கும். 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் எஃகுக் குழாய்களையும் புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜினையும் வைத்து முதல் கார்ட்டைக் கட்டினார். இன்றைய ரேஸ் கார்ட்டிலும் அடிப்படை அதேதான்.

இந்த முறுக்கலை மனதில் வைத்துத்தான் வெல்டிங்கை யோசிக்க வேண்டும். "இந்த ஜாயின்ட் எவ்வளவு எடை தாங்கும்?" என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி. ஒருமுறை எடை தாங்குவது பெரிய விஷயமில்லை. சுமாரான வெல்டுகூட ஓட்டுநரின் எடையைத் தாங்கிவிடும். பல்லாயிரம் தடவை முறுக்கிய பிறகும் விரிசல் விடாமல் இருக்கிறதா என்பதுதான் கார்ட்டில் முக்கியம். அந்த விரிசல் பெரும்பாலும் வெல்டின் நடுவில் தொடங்காது. வெல்டும் ட்யூபும் சேரும் ஓரக் கோட்டில்தான் தொடங்கும். அங்கே சின்னப் பள்ளம் இருந்தாலும், உலோகம் உருகிக் கலக்காமல் மேலே உட்கார்ந்திருந்தாலும், முதல் விரிசல் அந்த இடத்தைத் தேடிப் போகும். ஆகவே உங்கள் கையில் ஓரத்தை வழவழப்பாகவும் அடியை முழுதாக உருக்கியும் தரும் முறை எதுவோ, அதுதான் உங்களுக்கான முறை.

முதலில் ட்யூப், பிறகுதான் மெஷின்

மெஷினை வாங்கிவிட்டு அதற்கேற்ற குழாயைத் தேடுவது தலைகீழ் வேலை. குழாயின் சுவர்த் தடிமன்தான் எந்த வெல்டிங் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும்.

வீட்டில் கட்டும் முதல் கார்ட்டுக்கு 1 அங்குல வெளிவிட்டம், 14 கேஜ், அதாவது ஏறத்தாழ 2 மி.மீ. சுவர் உள்ள எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) இஆர்டபிள்யூ ட்யூப், அதாவது தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் ஒட்டிய குழாய், போதும். 16 கேஜ் 1.6 மி.மீ. இருக்கும், பழகாத கையில் அது ஓட்டை விழும். கடையில் கேஜ் பெயரை மட்டும் நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். சதுர ட்யூபிலும் கட்டலாம். வெட்டுவதும் பொருத்துவதும் எளிது, இடைவெளியில்லாமல் உட்காரும். மைதானத்தில் ஓட்டும் பொழுதுபோக்கு கார்ட்டுக்கு அது தாராளம். ஆனால் வளைத்த வட்டக் குழாய் தரும் சீரான முறுக்கல் அதில் வராது.

ஜிஐ பைப் மட்டும் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு எரியும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் அதைத் தடுக்காது. துத்தநாகம் வெல்டுக்குள் புகுந்து குமிழிகளையும் உண்டாக்கும். பூச்சில்லாத கருப்புக் குழாய் கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு?

குரோமோலி பற்றிக் கல்லூரி அணிகளில் எப்போதும் பேச்சு வரும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுதான் குரோமோலி. அதில் 4130 வகை சாதாரண எஃகைவிட வலிமையானது, உண்மை. ஆனால் இரண்டின் விறைப்பும் ஒன்றுதான். எந்த எஃகானாலும் மீள்தன்மைக் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல். அதே விட்டத்தில் சுவரை மெல்லியதாக்கிக் குரோமோலி போட்டால் ஃபிரேம் இன்னும் அதிகமாக முறுக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெல்ட் போட்ட ஜாயின்ட்டின் சோர்வுத் தாங்குதிறன், அதாவது திரும்பத் திரும்ப முறுக்கினாலும் விரிசல் விடாமல் தாங்கும் திறன், குழாய் எஃகின் வலிமை கூடுவதால் பெரிதாகக் கூடுவதில்லை. அது வெல்டின் ஓர வடிவத்தைப் பொறுத்தது. "விரிசல் வராமல் இருக்கக் குரோமோலி வாங்குகிறோம்" என்பது வீண் செலவு. அந்தப் பணத்தில் பயிற்சிக்கு ராடும் பழைய குழாயும் வாங்கினால் பலன் அதிகம்.

முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

மிக் வெல்டிங். நம் பட்டறைகளில் சிஓ2 வெல்டிங் என்று சொல்வதும் இதைத்தான். கன்னின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வந்துகொண்டிருக்கும், வாயு அதைக் காற்றிலிருந்து காக்கும். 2 மி.மீ. குழாய்க்கு 0.8 மி.மீ. தடிமனுள்ள ஈஆர்70எஸ்-6 கம்பி, சுமார் 70 முதல் 100 ஆம்பியர், 16 முதல் 18 வோல்ட், வாயு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் என்ற அளவில் தொடங்கலாம். தூய கார்பன் டை ஆக்சைடு மலிவு, ஆழமாகவும் உருக்கும். ஆனால் பொறி அதிகம் தெறிக்கும். 80 பங்கு ஆர்கனும் 20 பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவில் ஓரம் வழவழப்பாக அமையும். கார்ட் ஃபிரேமுக்கு வசதியிருந்தால் கலவை வாயுவையே எடுங்கள்.

மிக்கில் ஒரு ஆபத்து உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. கம்பி தானாக வந்து குவிவதால், அடி உலோகம் உருகாவிட்டாலும் மேலே அழகான வரி விழும். குறைந்த ஆம்பியரில், கையை வேகமாக நகர்த்தினால் இப்படி நடக்கும். பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும், ஒரு சுத்தியல் அடியில் முழுதாகக் கழன்று வரும். மிக் கற்பது எளிது என்கிறார்கள். வரி போடுவது எளிதுதான், உருக்கிச் சேர்ப்பதற்குப் பயிற்சி வேண்டும்.

ஆர்க் வெல்டிங். ராடு வைத்துப் போடுவது. மெஷின் விலை குறைவு, சிலிண்டர் தேவையில்லை, திறந்த வெளியிலும் வேலை நடக்கும். ஆடி மாதக் காற்றில் கோயம்புத்தூரில் வாசலில் நின்று மிக் போட்டால் வாயு பறந்துவிடும். ராடுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. 2 மி.மீ. குழாய்க்கு 6013 ராடு பொருத்தம். 2.5 மி.மீ. ராடானால் 60 முதல் 75 ஆம்பியர், 2 மி.மீ. ராடு கிடைத்தால் 40 முதல் 60 ஆம்பியர். டிசி இன்வெர்ட்டர் மெஷினில் ஹோல்டரை மைனஸிலும் எர்த்தைப் பிளஸிலும் மாட்டினால் மெல்லிய குழாயில் ஓட்டை விழுவது குறையும். 3.15 மி.மீ. ராடை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

7018 ராடு வலிமையானது என்று கேள்விப்பட்டு அதைத் தேடுபவர்கள் உண்டு. கனமான தகட்டுக்கு அது அருமையானது. ஆனால் ஈரம் ஏறாமல் சூட்டடுப்பில் வைக்க வேண்டும், மெல்லிய குழாயில் கட்டுப்படுத்துவதும் சிரமம். மைல்ட் ஸ்டீல் கார்ட்டுக்கு 6013இன் வலிமை போதும். 6013இல் கவனிக்க வேண்டியது ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகி வெல்டின்மேல் ஓடாகப் படியும் கழிவு. இரண்டு குழாய் கூர்மையான கோணத்தில் சேரும் மூலையில் ஸ்லாக் உள்ளே சிக்கிக்கொள்ளும். ராடை நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

டிக் வெல்டிங். ஆர்கன் வெல்டிங் என்று கேட்டால்தான் பல ஊர்களில் புரியும். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபில்லர் கம்பி. சூட்டையும் கம்பியையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம் என்பதே இதன் பலம். 2 மி.மீ. குழாய்க்கு 70 முதல் 80 ஆம்பியர், 1.6 மி.மீ. ஃபில்லர், டிசியில் டார்ச் மைனஸ், ஆர்கன் நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர். நல்ல கையில் ஓரம் இதைவிட வழவழப்பாக எதிலும் வராது. குரோமோலியில் கட்டுவதானால் வீட்டுப் பட்டறைக்கு இதுவே என் தேர்வு. ஈஆர்70எஸ்-2 ஃபில்லர் போடுங்கள். போட்ட பிறகு தண்ணீர் ஊற்றாமல், காற்றோட்டமும் படாமல், தானாக ஆறவிடுங்கள். வேகமாகக் குளிர்ந்தால் குரோமோலி வெல்டின் பக்கத்தில் கடினமாகி உடையும் தன்மைக்கு வந்துவிடும்.

டிக்குக்குச் சுத்தம் முக்கியம். துரு, எண்ணெய், பெயின்ட், குழாயின் கருந்தோல் எல்லாம் போய் வெள்ளை உலோகம் தெரிய வேண்டும். குழாய்களுக்கு இடையே இடைவெளி இருந்தால் டிக் மன்னிக்காது. கற்கவும் நாள் பிடிக்கும். ஒரு கார்ட்டுக்காக மட்டும் டிக் கற்க நினைத்தால், ஃபிரேமை டாக் போட்டு (குழாய்கள் நகராதபடி சின்னச் சின்னப் புள்ளி வெல்ட் வைத்து) முடித்துவிட்டு நல்ல ஆர்கன் வெல்டரிடம் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

கேஸ் வெல்டிங். ஆக்சி-அசிட்டிலின் சுடரில் குரோமோலி விமானச் சட்டங்களையே கட்டிய காலம் உண்டு, ஆகவே முறையில் குறையில்லை. ஆனால் சூடு அகலமாகப் பரவி ஃபிரேம் அதிகம் வளையும். சிலிண்டர்களை வீட்டில் வைப்பதும் ஆபத்து. சுடரில் பித்தளையை உருக்கி ஒட்டும் பிரேசிங் செய்த இடத்தின்மேல் பிறகு ஆர்க்கோ மிக்கோ போடக்கூடாது; பித்தளை எஃகுக்குள் புகுந்து விரிசலை உண்டாக்கும்.

கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கம்பி. வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் ஃப்ளக்ஸ் பொடி இந்தக் கம்பிக்குள்ளேயே இருக்கும். சின்ன மிக் மெஷினில் இதைப் போட்டால் சிலிண்டர் தேவையில்லை. கன் மைனஸில் இருக்க வேண்டும். பலர் இதை மாற்றாமல் போட்டுவிட்டு வெல்ட் சரியில்லை என்பார்கள். பொறியும் ஸ்லாக்கும் அதிகம். வேறு வழியில்லாதபோது பயன்படும், முதல் தேர்வு இல்லை.

அப்படியானால் எதை எடுப்பது?

14 கேஜ் எம்எஸ் குழாய், கூரையுள்ள இடம், கொஞ்சம் பணமும் உண்டு என்றால் வாயுவோடு கூடிய மிக். கையில் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் ஏற்கெனவே இருந்தால் புது மெஷின் வாங்காமல் 6013 ராடிலேயே பழகுங்கள். அதில் நல்ல ஃபிரேம் கட்டலாம், பலரும் கட்டியிருக்கிறார்கள். குரோமோலி அல்லது 1.6 மி.மீ.க்கும் மெல்லிய சுவர் என்றால் டிக், அதுவும் தேர்ந்த கையில்.

இன்னொரு வழியை நான் எப்போதும் சொல்வேன். குழாய் வெட்டுவது, பொருத்துவது, டாக் போடுவது எல்லாம் நீங்களே செய்யுங்கள். இறுதி வெல்டை மட்டும் ஐடிஐயில் வெல்டர் பிரிவு படித்துத் தினமும் மெல்லிய குழாயில் வேலை செய்பவரிடம் கொடுங்கள். கிரில் கேட் மட்டும் போட்டுப் பழகியவர் வேகமாக முடித்துத் தருவார், ஆனால் கேட் முறுக்காது, கார்ட் முறுக்கும். அவரிடமும் மாதிரி ஜாயின்ட் போடச் சொல்லி உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபிரேமைக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல வெல்டர் தப்பாக நினைக்க மாட்டார்.

முதல் ஆர்க்குக்கு முன்

230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் 80 ஆம்பியர் ஆர்க் வெல்டிங்குக்கு மெஷின் சுமார் 10 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டும், எர்த் உள்ள வயரிங்கும், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளும் வேண்டும். டிவிக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் வோல்டேஜ் இறங்கி ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும், வயரும் உருகும்.

10 அல்லது 11 எண் கண்ணாடியுள்ள ஹெல்மெட், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், மூடிய தோல் ஷூ. லுங்கியும் ரப்பர் செருப்பும் போட்டு வெல்ட் செய்பவரைத் தினமும் பார்க்கலாம்; தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாலியெஸ்டர் துணியில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். டாக் போடும்போதும் கண்ணை மூடிக்கொண்டு சமாளிக்கக் கூடாது. அன்றிரவு கண்ணில் மணல் கொட்டினாற்போல எரியும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதே கதிர்தான் படும்.

குழாயைத் துடைக்க அசிட்டோன் போதும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தாதீர்கள். ஆர்க் வெளிச்சத்தில் அது பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும்.

பொருத்தம் சரியானால் பாதி வேலை முடிந்தது

வட்டக் குழாய் இன்னொரு வட்டக் குழாயில் உட்கார, முனையை மீன்வாய் வடிவில் வெட்ட வேண்டும். டிரில்லில் ஹோல் சா மாட்டி வெட்டலாம். அது இல்லையென்றால் காகிதத்தில் வடிவத்தை அச்சிட்டுக் குழாயைச் சுற்றி ஒட்டி, கோடு போட்டு, கிரைண்டரால் தேய்த்து எடுக்கலாம். இடைவெளி 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வெல்ட் போட்டு ரொப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் பிறகு ஓட்டையோடு போராடுகிறார்கள்.

நீளமான அடிக்குழாயை நடுவில் ஒட்டுப்போட வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் உள்ளே இறுக்கமான ஸ்லீவ் குழாய் செருகி, சாய்வாக வெட்டிச் சேருங்கள். வளைவின் மேலும் வெல்ட் வராதபடி வடிவமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டு உடையுங்கள்

ஃபிரேமைத் தொடுவதற்கு முன், அதே குழாய்த் துண்டுகளில் டி வடிவ ஜாயின்ட்டுகள் போடுங்கள். ஒன்றை வைஸில் பிடித்து, நிற்கும் குழாய்க்குள் நீளக் கம்பி செருகி, மடங்கும்வரை இழுங்கள். குழாய் மடங்கியோ கிழிந்தோ போனால் தேறியது. வெல்ட் தோலுரிந்தாற்போலக் கழன்றாலோ, வெல்டின் நடுவிலேயே பிளந்தாலோ தேறவில்லை. இன்னொன்றை நீளவாக்கில் அறுத்து, தேய்த்து, அடிவரை உருகியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி மாணவர்கள் கரடுமுரடான பாதைக்கான வண்டி கட்டி ஓட்டும் பாஹா எஸ்ஏஇ போட்டியின் விதிகளும் ஒவ்வொரு வெல்டரிடமும் இதே இரண்டு வகை மாதிரியைக் கேட்கின்றன: ஒன்று உடைத்தது, ஒன்று அறுத்தது.

தேறாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆம்பியரை 5 கூட்டுங்கள், அல்லது கையின் வேகத்தைக் குறையுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. தேறிய அளவுகளைச் சாக்பீஸால் மெஷின்மேலேயே எழுதிவையுங்கள்.

டாக், பிறகு வெல்ட்

சமதளமான இரும்பு மேசையோ, ரசமட்டம் பார்த்துக் கிடத்திய இரண்டு சேனலோ வேண்டும். அதில் சின்ன ஆங்கிள் துண்டுகளை டாக் போட்டுக் குழாய்களைப் பிடித்து வையுங்கள். ஜாயின்ட்டுக்கு நான்கு டாக், எதிரெதிராக. எல்லா டாக்கும் முடிந்த பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்கை அறுத்துத் திருத்துங்கள். முழு வெல்ட் போட்ட பிறகு திருத்த முடியாது.

வெல்ட் குளிரும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அதனால் ஒரு ஜாயின்ட்டை ஒரேயடியாகச் சுற்றி முடிக்காமல் கால் வட்டம் போட்டுவிட்டு எதிர்மூலை ஜாயின்ட்டுக்குப் போங்கள். ஃபிரேமைத் திருப்பித் திருப்பி, வெல்ட் எப்போதும் உங்கள் முன் கிடைமட்டமாக இருக்கும்படி வையுங்கள். இரு முனையும் அடைபட்ட குழாயில் மறைவான இடத்தில் 3 மி.மீ. துளை போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று கடைசிச் சொட்டு வெல்டைத் துப்பிவிடும்.

முடித்த வெல்டை அழகுக்காகக் கிரைண்டரால் சமமாகத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கக் குழாயும் மெல்லியதாகும்.

உயிர் தொங்கும் இடங்கள்

முன்சக்கர ஸ்டப் ஆக்சிலைப் பிடிக்கும் சி வடிவ பிராக்கெட், பின் ஆக்சிலின் பேரிங் ஹேங்கர், பிரேக் காலிப்பர் பிராக்கெட், ஸ்டியரிங் தண்டின் தாங்கி, பெடல் மவுண்ட். இவற்றின் வெல்டை அணியிலேயே சிறந்த கைதான் போட வேண்டும். 4 அல்லது 5 மி.மீ. தகட்டை 2 மி.மீ. குழாயில் சேர்க்கும்போது ஆர்க்கைத் தகட்டின் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். குழாய் தானாகச் சூடேறிக்கொள்ளும். என்ஜின் மவுண்ட் அதிர்வால் விரிசல் விடும் இடம், அங்கே வெல்டைப் பாதியில் நிறுத்தாமல் முனையைச் சுற்றித் திருப்பி முடியுங்கள்.

8.8, 10.9 எண் போட்ட போல்ட்டுகளையும், ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை ராடுகளையும் வெல்ட் செய்யாதீர்கள். அவை சூட்டுப் பதம் ஏற்றியவை. வெல்ட் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஆக்சில் மாட்டிய பிறகு வெல்ட் போட நேர்ந்தால், எர்த் கிளாம்பை வெல்ட் போடும் அதே குழாயில் மாட்டுங்கள். மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் அதன் குண்டுகளில் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், பேட்டரி வயரையும் கழற்றுங்கள்.

பெயின்டுக்கு முன்னும், ஓட்டிய பின்னும்

சாயத்தால் விரிசலைக் காட்டும் டிபி டெஸ்ட் (டை பெனட்ரன்ட்) ஸ்பிரே மூன்று டப்பாவாகக் கிடைக்கும். சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, சில நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். முக்கிய ஜாயின்ட்டுகளுக்காவது செய்துவிடுங்கள். பெயின்ட் வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. வெள்ளையிலும் சாம்பலிலும் விரிசலின் துருக்கோடு சீக்கிரம் தெரியும்.

முதல் ஓட்டம் காலியான மைதானத்தில், மெதுவாக. முடிந்ததும் வண்டியைக் கவிழ்த்து, டார்ச் அடித்து எல்லா ஜாயின்ட்டையும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பின்னும் அதே பரிசோதனை.

விரிசல் தெரிந்தால் அதன்மேல் இன்னொரு வரி வெல்ட் இழுத்து மூடக்கூடாது. முதலில் விரிசலின் இரு முனையையும் டிபி டெஸ்ட்டில் கண்டுபிடியுங்கள். முனையில் 3 மி.மீ. துளை போடுங்கள். விரிசல் முழுவதையும் கிரைண்டரால் வி வடிவில் தோண்டி எடுத்துவிட்டு, சுத்தமான உலோகத்தில் புதிதாக வெல்ட் போடுங்கள். அதே இடத்தில் மறுபடியும் வந்தால் கோளாறு வெல்டில் இல்லை, அந்த இடத்தில் முறுக்கல் குவிகிறது. அப்போது குழாயின் தடிமனுக்கு மிகாத சின்ன கசெட் தகடு, அதாவது மூலையைத் தாங்கும் முக்கோணத் தகடு, வைக்கலாம். கசெட்டின் முனை குழாயின் நடுப்பகுதியில் சடக்கென்று முடியாமல் சரிந்து முடியட்டும். தடித்த பெரிய கசெட் போட்டால் அங்கே முறுக்கல் நின்றுவிடும், விரிசல் கசெட் முடியும் இடத்துக்குப் போய்விடும்.